முயல் பெற்றவளின் படம்

கல்யாணமாகிச் சூளகிரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்குப் போன புதிதில், என் மாமனாருக்கு என்மேல் தனிப் பிரியம். காரணம் என் சமையலும் அல்ல, அடக்கமும் அல்ல. எனக்குப் படம் வரைய வரும். பெங்களூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்று, சுவரில் மாட்டியிருந்த என் பென்சில் படம் ஒன்றை என் அப்பா பெருமையாகக் காட்டினார். மாமனார் எழுந்து போய் அதை மூக்கு ஒட்டும்படி பார்த்தார். என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

அவரிடம் இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறையப் படங்கள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், மத்திகிரிப் பக்கம் பங்களாவில் இருந்த ஒரு துரை விட்டுப்போனவை. துரையின் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் அனுப்பிவந்தவர் என் மாமனார். எல்லாம் இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் படங்கள். செப்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தவை.

ஒரு பெட்டியில் முகங்கள். ராஜா, ராணி, பிரபுக்கள், பாதிரிகள், தளபதிகள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கனவான்களுக்கு இது ஒரு பைத்தியமாம். ஊரில் உள்ள பெரிய மனிதர்களின் முகங்களையெல்லாம் சேர்த்து, அந்தஸ்துப்படி அடுக்கி, ஆல்பத்தில் ஒட்டுவார்களாம். கடைசி வரிசை, அந்தஸ்து எதுவும் இல்லாமல் ஏதோ ஒரு விசித்திரத்தால் பேர் வாங்கியவர்களுக்கு. தூக்கில் தொங்கிய திருடன், தாடி முளைத்த பெண், குள்ளன் என்று அந்த வரிசை போகும்.

இன்னொரு பெட்டியில் கேலிப் படங்கள். அதை மாமனார் முதலில் எனக்குத் திறந்து காட்டவில்லை.

முகங்களை நகல் எடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. பூச்சி அரித்த படங்களுக்கு மாற்று வேண்டும். பெங்களூரில் அவருடைய சிநேகிதர்களிடம் இருந்து அவரிடம் இல்லாத படங்களை இரவல் வாங்கி வருவார், அவற்றுக்கும் நகல் வேண்டும். எண்ணெய்த் தாளை மேலே விரித்து, முடி போன்ற நிப்பால் கோட்டுக்கு மேல் கோடு ஓட்ட வேண்டும். நிழலே கிடையாது அந்தப் படங்களில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்தான். கன்னத்தின் உருண்டை, கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை எல்லாம் கோடுகள் நெருங்குவதிலும் விலகுவதிலும் இருந்தன. அதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மாமனார் வேலை செய்யும் விதம் ஆரம்பத்திலிருந்தே எனக்குக் குமட்டியது. எடைக்குப் போட்ட பழைய இங்கிலீஷ் சரித்திரப் புத்தகங்களைப் பெங்களூரிலிருந்து வாங்கி வருவார். சவர பிளேடால் அதில் இருக்கும் முகப் படங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். மீதிப் புத்தகம் மாட்டுக் கொட்டாய்க்குப் போகும். நடுவில் ஓட்டை விழுந்த புத்தகங்கள் சாணித் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். படம் ஒட்ட வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார். மாட்டுக் குளம்பும் தோலும் வெந்த நாற்றம் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்கே வரும். அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த மாதத்தில்தான் இரண்டாவது பெட்டி திறந்தது.

"கண்ணு, இனிமே நீ வெறும் மூஞ்சி போட்டுப் பழகினது போதும். இதுல தான் இருக்குது வித்தை" என்றார்.

முதல் படத்தைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டேன். ஒரு பிரபு, மேஜை கொள்ளாத வயிறு, தின்றதையெல்லாம் வாயால் கக்குகிறார். கீழே ஒரு நாய் அதை நக்குகிறது. அடுத்ததில் ஒரு மந்திரி கால்சட்டை இல்லாமல் பின்னால் திரும்பி நிற்கிறார், ஜனங்கள் வரிசையாக வந்து முத்தமிடுகிறார்கள். மூத்திரச் சட்டி, புழுத்த கால், மூக்கில்லாத தாசி. எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு நுணுக்கமான கோடு. கக்கலில் கிடக்கும் கோழி எலும்பைக்கூட விடாமல் கீறியிருந்தான் அதை வரைந்தவன்.

"வாந்தி வருதுங்க மாமா."

"அது உனக்கு மசக்கை, கண்ணு. படத்தால இல்ல" என்று சிரித்தார்.

காலையில் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு, பகலில் வாந்தியை வரைந்தேன். மருமகள் மாமனாரிடம் மறுத்துப் பேசும் வீடு அல்ல அது. என் கணவரிடம் சொன்னேன். "படந்தானே, என்ன இப்போ? அவருக்கு வேற பொழுதுபோக்கு கிடையாது" என்றார். அன்றைக்கு அந்த விஷயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

அந்த மசக்கைக் காலத்தில் எனக்கு உதவியாக இருந்தவள் எங்கள் நிலத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பாள். யாரும் கேட்காமலே முந்தானையில் புளியம்பிஞ்சு முடிந்துகொண்டு வந்து தருவாள். "வாய்ல போட்டுக்குங்கம்மா, கொமட்டல் நிக்கும்" என்பாள். அவளுக்குப் பிறந்த குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. அதை அவளே ஒருநாள் சொன்னாள், அழாமல், வயலில் எது முளைத்தது எது முளைக்கவில்லை என்று சொல்வதைப் போல.

பெங்களூர்ச் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் வருவார்கள். ஆட்டுக்கறியும் களியும் என் மாமியார் கையால் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டுவார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர். அந்த ஞாயிறு அவர்தான் ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தார். என் நகலுக்காக மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

கட்டிலில் ஒரு கிராமத்துப் பெண், வாயைப் பிளந்து வலியில் துடிக்கிறாள். சுற்றிலும் பெரிய பொய்முடி வைத்த டாக்டர்கள். ஒருவன் கை அவள் பாவாடைக்குள் இருக்கிறது. தரையில் முயல் குட்டிகள் ஓடுகின்றன. மாமனார் விளக்கினார். அந்தப் பெண் தனக்கு முயல் பிறக்கிறது என்று சொன்னாளாம். ராஜாவின் வைத்தியர்களே வந்து பார்த்து நம்பினார்களாம். பிறகு பொய் என்று தெரிந்து ஊரே சிரித்ததாம்.

அப்போது அந்தக் கூலிக்காரப் பெண் குடத்தோடு முற்றத்தைக் கடந்தாள்.

"இவளும் அதே ஜாதி தான்" என்றார் மாமனார். "வருஷத்துக்கு ஒருதரம் வயிறு வருது. கையில ஒண்ணும் நிக்கறதில்ல."

"அப்படின்னா அது மொயலாத்தான் இருந்திருக்கும். ஓடிப்போயிருக்கும்" என்றார் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. டாக்டரின் பல் இடுக்கில் இறைச்சி நார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் தெரிகிறது.

"கண்ணு, இதை நகல் எடுக்கறப்போ அந்த வெள்ளைக்காரி மூஞ்சிக்குப் பதிலா இவ மூஞ்சியைப் போடு. பிரமாதமா இருக்கும்."

"நான் போட மாட்டேன் மாமா."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சிரிப்பு நின்றது. டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை என் உடம்பின்மேல் எச்சில் மாதிரி ஒட்டியது. நான் உள்ளே போய்விட்டேன்.

மாமனார் கோபப்படவில்லை. ஓசூரில் கடைப் பலகை எழுதும் ஒரு பெயிண்டரை வரவழைத்தார். அவருக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது, ஆகவே அவளை வாசலில் நிற்கவைத்தார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஓடிப்போய் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை ஒன்று மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கழுத்து மணியை வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள். தலை அசையாமல், மூச்சுக்கூட மெல்ல விட்டபடி நின்றாள். பெயிண்டர் முகத்தை மட்டும் வரைந்துகொண்டார்.

மறுநாள் தண்ணீர் ஊற்ற வந்தவள் என்னிடம் கேட்டாள்:

"படம் நல்லா வந்துருக்குதுங்களாம்மா? எனக்குன்னு ஒண்ணு கேட்டா குடுப்பாங்களா? எங்க ஊட்டுக்காரருக்குக் காட்டோணும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் பிறகு எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் சொன்னார், சும்மா இருந்திருக்கலாமே என்று. என்னால் முடியவில்லை. எண்ணெய் வைத்துச் சீவிய அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அது உன்னைக் கேலி பண்ணப் போட்ட படம்" என்றேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "காட்டுங்க."

மாமனார் நிலத்துக்குப் போயிருந்தார். நான் எடுத்துவந்து காட்டினேன். கட்டில், டாக்டர்கள், பாவாடைக்குள் கை, முயல்கள். நடுவே அவள் முகம், பெயிண்டர் நன்றாகத்தான் வரைந்திருந்தார், நேராகப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்தபடி. சிரித்த முகம் அந்த உடம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. மூலப் படத்தைவிட அது ஆபாசமாக இருந்தது.

"இது என்னங்கம்மா, கீழ ஓடறது?"

சொன்னேன்.  அவள் படத்திலிருந்த தன் முகத்தின்மேல் விரலை வைக்கப் போய், ஈரக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

"மூணு பேரு மண்ணுக்குள்ள கெடக்கறாங்க" என்றாள். "நாந்தான் குளிப்பாட்டி வெச்சேன்."

குடத்தில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த வாரம் அவளும் புருஷனும் கிருஷ்ணகிரி அணை வேலைக்குக் கல் சுமக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ராகி அறுப்புக்கு ஆள் இல்லாத சமயம். "ஒரு காகிதத்துக்கு இவ்வளவு ரோஷமா?" என்று மாமனார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

என் மாமியார் அதுவரை அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. அவை இருந்த அறைக்குள் பெருக்கக்கூட போனதில்லை. கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவர், கோபம் வந்தால் தமிழ் மறந்துவிடும். தண்ணீர் சுமந்தவள் ஏன் நின்றுவிட்டாள் என்று கேட்டார். நான் வாயால் சொல்லாமல் படத்தையே கொண்டுவந்து கையில் கொடுத்தேன். மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முயல்கள் எதற்கு என்று கேட்டார், சொன்னேன்.

"ஹேசிகே" என்றார். அருவருப்பு என்று அர்த்தம். பிறகு, "இதைப் பாத்தா சிரிச்சாங்க? என் கையால தின்னுட்டு?"

"ஆமாங்க அத்தை."

"உன் புருஷனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. அவருக்குத் தெரியாதா அது?"

அன்று சாயங்காலம் மாமனாரிடம் அவர் சண்டை போடவில்லை. சாப்பாடு போடும்போது சொன்னார்: "அந்த ஆளுங்க வந்தா இந்த அடுப்பு எரியாது. வரச் சொல்றதுன்னா நீங்களே ஆக்கிப் போடுங்க."

மாமனார் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். ஞாயிறு மோட்டார் வந்தது. மாமியார் அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாமனார் எங்களைக் கூப்பிடுவதும், பிறகு மெல்லிய குரலில் ஏதோ சமாதானம் சொல்வதும் கேட்டது. அவர்கள் ஆல்பத்தைக் கொஞ்ச நேரம் புரட்டினார்கள். பசி வந்ததும் கிளம்பிவிட்டார்கள். அடுத்த முறையும் அப்படியே. அதன் பிறகு மோட்டார் வரவில்லை. இருநூறு வருஷத்துப் படங்களுக்காக வந்தவர்கள் என்று மாமனார் நம்பியிருந்தார். அவர்கள் ஆட்டுக்கறிக்கு வந்தவர்கள்.

நான் பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரியில் அம்மா வீட்டுக்குப் போய், பெண் குழந்தையோடு திரும்பினேன். அதற்குள் மாமனாரே ஆல்பத்தைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் பெங்களூர் போய்வரப் பழகியிருந்தார். ஒருநாள் டாக்டர் வீட்டு வாசலில், ஐயா இல்லை என்று வேலைக்காரன் சொல்லிவிட்டானாம். ஆனால் உள்ளே டாக்டர் பேசும் குரல் கேட்டதாம். திரும்பி வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு அதை எங்களிடம் சொன்னார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்னை வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க, கண்ணு."

நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். அவர் சட்டையிலிருந்து வஜ்ஜிர நாற்றம் வந்தது. வயதான மனிதர், வெயிலில் வந்தவர். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தேன். குழம்பு ஊற்றிவிட்டு, குழந்தை அழுகிறது என்று உள்ளே போய்விட்டேன்.