காய்ச்சி வடித்த நீர் என்று எழுதினேன்

1. வாளித் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த முதல் நாளே, உலைக்குப் பொறுப்பாக இருந்த மயில்வாகனம் அண்ணன் கேட்டார்: “புள்ள, அலைய உறிஞ்சிற ஓடு செய்யப் போறீங்களாமே? கொஞ்சம் முந்திச் செஞ்சிருக்கப்படாதா?”

சுனாமி வந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் சிரிக்கத்தான் சொன்னார். நான் பாடம் நடத்தினேன். “இது கடல் அலை இல்ல அண்ணன். ரேடார், டெலிபோன் அதுகள்ற அலை.”

குருக்கள்மடத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலோடு சேரும் உவர் வாவியில் வலை வீசுபவர். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர் என் வேலையைப் பகிடி பண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இரும்பு, நிக்கல், நாகம் என்கிற துத்தநாகம் கலந்த கரைசலிலிருந்து பெரைட் என்ற காந்தத் தூளை வீழ்படிவாக எடுப்போம். அதில் உப்பு இல்லாமற் போகும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவி, வளையமாக அழுத்தி உலையில் சுடுவோம். அந்தக் கறுப்பு செராமிக் வளையம் எவ்வளவு நுண்ணலையை விழுங்குகிறது என்று கொழும்புக்கு அனுப்பி அளப்போம்.

ஐந்தாவது தொகுதியைக் கழுவும்போது கரண்ட் போய்விட்டது. நீர் வடிக்கும் கருவி நின்றது; உலை மட்டும் எரிவாயுவில் எரிந்தது. மறுநாள் காலை வளையங்கள் கொழும்பு போக வேண்டும். சுனாமிக்குப் பிறகு இறைத்துச் சுத்தம் செய்த கிணறு வளவுக்குள் இருந்தது. மயில்வாகனம் அண்ணனிடம் வாளியை வாங்கி அள்ளினேன். அவர் ஒரு கை குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கரிக்குது புள்ள.”

நானும் குடித்துப் பார்த்தேன். “நல்ல தண்ணி அண்ணன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குடிச்ச உங்கட நாக்குக்கு எல்லாம்தான் கரிக்கும்.”

“உங்கட நாக்கு வாவியில ஊறின நாக்குகா. அதுக்கு ஒண்டும் தெரியா.”

இருவரும் சிரித்தோம். வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டிருந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கி உண்மையைச் சொல்லியிருக்கும். போத்தலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, எனக்கு அவசரமும் இருந்தது. கொப்பியில் வழக்கம்போல ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று எழுதினேன்.

2. கொப்பியில் கிடப்பது

அதுவரை எதுவும் விழுங்காத அளவுக்கு அந்த வளையங்கள் அலையை விழுங்கின. பேராசிரியர் சேர் கட்டுரை எழுதினார். என் பெயர் இரண்டாவதாக வந்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் அதை மேற்கோள் காட்டின. அப்பா அந்தத் தாளை லெமினேட் பண்ணி வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாவிட்டாலும் என் பெயர் இருக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டுவார்.

பிறகு எந்தத் தொகுதியிலும் அந்த அளவீடு வரவில்லை. தங்களுக்கும் வரவில்லை என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. சேர் உலைக் குறிப்பேட்டை மேசையில் போட்டார்.

“மயில்வாகனம், அண்டைக்கு உலைய எவ்வளவுக்கு ஏத்தின நீங்க? உண்மையச் சொல்லுங்க.”

“எழுதினபடிதான் சேர். தண்ணிய ஒருக்காப் பாருங்க.”

சேர் என் பக்கம் திரும்பினார். “எந்தத் தண்ணி?”

“கொப்பில எழுதிக் கிடக்கு சேர்,” என்றேன்.

அவர் வாசித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாத முடிவில் மயில்வாகனம் அண்ணனின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. உலைச் சூட்டைத் தவறாகப் பதிந்தார் என்று அவருடைய பணிக் கோவையில் எழுதினார்கள்.

3. உன்னிச்சை

அடுத்த இரண்டு விடுமுறை நாட்களில் தனியாக வந்து, வேண்டுமென்றே கிணற்று நீரில் கழுவிச் சுட்டு, கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தேன். அளவீடு திரும்ப வந்தது. உப்பு, சூட்டில் மணிகளைப் பெரிதாக வளர்த்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணனின் ஊரான உன்னிச்சைப் பக்கம் சண்டை, பாதை பூட்டு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சேரின் அறை என் அறையிலிருந்து மூன்றாவது கதவு. அதற்கு எந்தப் பாதையும் பூட்டவில்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் சேரிடம் ஒப்புக்கொண்டேன். திருத்தம் வெளியிட்டோம். உப்பைக் கொண்டு மணிகளை வளர்க்கும் முறைக்காக இன்று அந்தத் திருத்தத்தைத்தான் அதிகம் பேர் வாசிக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அந்தத் திருத்தம் அச்சில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உன்னிச்சைக்குப் போனேன். மயில்வாகனம் அண்ணன் வயல் வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வாளி தந்தது நான்தானேகா. எனக்குத் தெரியாதா?”

“மறுகா ஏன் அண்ணன் சேரிட்டச் சொல்லல்ல?”

“தண்ணியப் பாருங்க எண்டு சொன்னன்தானே. மிச்சத்த நீங்க சொல்லுவீங்க எண்டு நினைச்சன்.”

காலைக் கழுவிக்கொண்டே அவர் கேட்டார். “உலை வேலைக்கு ஓட்டுத் தொழிற்சாலையில கேட்டன். ஏன் நிப்பாட்டின எண்டு கேக்கிறாங்க. பிழை என்னில இல்ல எண்டு ஒரு கடிதம் தர ஏலுமா?”

சேரின் கையொப்பத்தோடு ஒரு கிழமையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொழிற்சாலைக்காரர் அதை வாசித்துவிட்டு, கடிதம் நல்ல கடிதம்தான், ஆனால் உலைக்கு எடுக்கும் வயது இவருக்குப் போன வருடத்தோடு தாண்டிவிட்டது என்றார்.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாளித் தண்ணீரில் கழுவினால் வாளித் தண்ணீர் என்றே எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். நான் நான்கு வருடம் பிந்தி எழுதினேன். கட்டுரையைத் திருத்த அது போதுமாக இருந்தது.