ஒன்பதாம் நாள் செபம்

நமக்காக வாசிப்பது வேறு, திருப்பிச் சொல்பவர்களுக்காக வாசிப்பது வேறு. நாலைந்து சொல் சொல்லி நிறுத்த வேண்டும். கடைசி வரிசைக் கிழவி சொல்லி முடிக்கும்வரை அடுத்த சொல்லைத் தொடக் கூடாது.

பூசை இன்னும் லத்தீனில் நடந்த காலம் அது. தென்காசியில் எங்கள் கோயிலுக்கு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்துத் தெரியாது. கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலத்தின் கடைசி ஒன்பது மாலைகளில், சாமியாருக்குத் துணையாக இருந்த உபதேசியார் அந்தந்த நாளுக்குரிய நவநாள் செபத்தைத் துண்டு துண்டாக வாசிப்பார். சனங்கள் திருப்பிச் சொல்லுவார்கள். அந்த வருடம் மழையில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆசிரியப் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

எட்டு நாள் வாசித்தேன். பீடி சுற்றும் என் அம்மா பெண்கள் பக்கம் முன்வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை அம்மாவுக்கு இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாகவே இருந்தது.

எட்டாம் நாள் செபம் முடிந்ததும், கோயில் காரியங்களைப் பார்த்துவந்த பணக்காரர் என்னிடம் வந்தார். குற்றாலத்திலிருந்து சாக்கில் கொண்டுவந்த ஈரப் பாசியை ஆண்கள் கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, நாளைக்குச் சாமியாரு வந்து உக்காருவாரு. வெளியூருலேருந்து பெரிய ஆளுக வருதாங்க. என் தங்கச்சி மக வாசிக்கட்டும். கான்வென்டுல படிக்கா. காலையில வந்து அவளுக்குப் பழக்கிக் குடுத்திரு."

"எட்டு நாளா நான்தான வாசிக்கேன், அண்ணாச்சி?"

"அது சாதா நாளு. இது திருநாளுல்லா?"

"விடுட்டி, சாமி காரியம்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவரைவிட அவள்மேல் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. ஆனாலும் காலையில் போய்ப் பழக்கினேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. "இவ்வளவு மெதுவாவா? தூங்கிருவாங்க" என்று சிரித்தாள்.

மாலையில் அவள் பட்டுப் பாவாடையோடு முன்னால் நின்று, ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தாள். சனங்கள் முதல் மூன்று சொல்லைச் சொல்லி நின்றார்கள். அடுத்த வாக்கியத்துக்கு முணுமுணுப்பு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "என்னட்டி, செங்கோட்டை ரயிலு மாதிரி போறா" என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு. வாசித்தவள் முகம் சிவந்து நின்றுவிட்டாள்.

பணக்காரர் என்னருகே வந்து குனிந்தார். "அவ புத்தகத்தப் பிடிச்சிட்டு நிக்கட்டும். நீ அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு சொல்லு. ஒன் சத்தம் கேட்டாப் போதும்."

என் சத்தம் வேண்டும், நான் வேண்டாம்.

"முன்னால நின்னு வாசிக்கச் சொன்னா வாசிக்கேன், அண்ணாச்சி. தூணுக்குப் பின்னால நிக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கோயிலே அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. நாற்காலியில் இருந்த சாமியார் என்னைப் பார்த்தார். பிறகு பணக்காரரைப் பார்த்தார். முன்னால் வரச் சொல்வார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். சாமியார், "செபமாலை சொல்லி முடிச்சிருங்க" என்றார். எல்லோருக்கும் மனப்பாடமான செபமாலையை எல்லோரும் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் செபம் அப்படியே நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். நடுச்சாமப் பூசைக்குப் போகுமுன் முறுக்குச் சுட்டு முடிக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கடைசியில் சொன்னாள்: "எட்டு நாளு சொல்லியாச்சு. இன்னைக்குள்ளது என்னன்னே தெரியாமப் போச்சே. ஒனக்குத் தெரியும்லா? சொல்லு."

சொன்னேன். நாலைந்து சொல்லாக. முறுக்கைத் திருப்பிப் போட்டபடி அவள் திருப்பிச் சொன்னாள். காலையில் அந்தப் பெண்ணுக்குப் பழக்கியதில் பாதிதான் நினைவில் இருந்தது. அதற்குமேல் வரவில்லை.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"புத்தகம் வேணும்மா."

புத்தகம் கோயில் அலமாரியில் இருந்தது. சாவி பணக்காரரிடம் இருந்தது.