கடைத்தெருவுக்குள் கார் விட்ட நவரத்தினம்

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிற சின்ன நகரம் எங்களுடையது. அங்கே கார் போகக்கூடாத கடைத்தெருவில் உடுப்புத் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். என் பெயர் நவரத்தினம். தெரு நல்ல அகலம், நடுவில் பெரிய பூச்சாடிகள், ஆட்கள் இருக்க நீள வாங்குகள். சனம்தான் குறைவு. பாதிப்பேர் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கடைத்தொகுதிக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேரும் என் கடைக்குள் வராததற்கு நான் காரணமாக இருக்கலாமென்று ஒருநாளும் நினைத்ததில்லை. குற்றம் முழுக்கத் தெருவின்மேல்தான்.

போன வருசம் நகரசபை வியாபாரிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. நான் எழும்பி, "காரை உள்ளே விடுங்கள், சனம் தானாக வரும்" என்று டேனிஷில் முழங்கினேன். கை தட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியது தையற்காரன் இல்லை, ஒரு மந்திரி.

"நடந்து வாற சனமே உங்கட கடையைத் தாண்டித்தான் போகுது. காரில வாறது நிண்டு பாக்குமோ?" என்றா மனிசி சரோஜினிதேவி.

"உமக்கு வியாபாரம் விளங்காது" என்றேன்.

வசந்தகாலத்தில் ஒரு மாதத்துக்குப் பரீட்சித்துப் பார்க்கத் தெருவைத் திறந்தார்கள். முதற்கார் என்னுடையதாக இருக்கவேண்டுமென்று கோட் போட்டு, மனிசியையும் ஏற்றிக்கொண்டு போனேன். பேப்பர்க்காரி ஒருத்தி படம் எடுக்க நின்றாள். அவளுக்குக் கை காட்டினேன். கார் பூச்சாடி விளிம்பில் ஏறி, முன்சில்லு ஒன்று அந்தரத்தில் தொங்க நின்றுவிட்டது.

எங்கள் நகரத்தில் இவ்வளவு சனம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மிகக் கண்ணியமாக, "உதவி வேணுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இழுவை வண்டி வரும்வரை சரோஜினிதேவி கடையைத் திறந்து, நின்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. உள்ளே வந்த ஒரு டேனிஷ் அம்மா தையல் மெசினைப் பார்த்துத் திகைத்தா.

"இத்தனை வருசமா இது ஏதோ கட்சி அலுவலகம் என்றல்லோ நினைச்சன்."

யன்னல் நிறைய, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக என்னுடைய படத்தை ஒட்டிவைத்தவன் நான்தான். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வருமென்று நினைத்தேன்.

மாதம் முடிய, தெருவைத் திரும்பவும் நடப்பவர்களுக்கே விட்டார்கள். சரோஜினிதேவி என் படத்தை உரித்தெடுத்துவிட்டு, பாதி தைத்த சட்டை ஒன்றை யன்னலில் தொங்கவிட்டா. இப்போது காற்சட்டை சிப், யன்னல்திரை என்று வேலை வருகிறது. சனத்தைக் கூட்டியது என்னுடைய கார்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓம்" என்றா, தலை நிமிராமலே.

நகரசபைக் கூட்டங்களுக்கு இனி அவதான் போறா. நான் கடையில் இருந்து திரைச்சீலைகளுக்கு ஓரம் மடிக்கிறேன்.