மவுஸ் மேல் ஒரு கைக்குட்டை

மணி பத்தரை ஆனதும் குலசிங்கம் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, மவுஸின் மேல் போர்த்தினார். வெள்ளிக்கிழமை ராகு காலம். இனிப் பன்னிரண்டு மணிவரை அந்த மவுஸை அவரும் தொடமாட்டார், அடுத்தவர் கையும் படவிடமாட்டார்.

"இருங்க தம்பி. நேரம் பாக்காம அமுக்கக்கூடாது லா" என்றார், எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமியிடம்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஏர்கான் கம்பெனி. அங்கே சம்பளப் பட்டியல், வரி, வேலை பாஸ் எல்லாம் குலசிங்கம்தான். நெற்றியில் மெல்லிய விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா, மேசை இழுப்பறையில் ஒரு டப்பா முறுக்கு. வரி அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். பெயரைச் சொல்லமாட்டார். "அவங்க கேப்பாங்க", "அவங்களுக்குப் பிடிக்காது" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். புதிதாக வந்தவர்கள் அதற்கும் மேல்மாடியில் யாரோ பெரிய மனுஷர் குடியிருப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

சட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வேலையை விட்டு ஊருக்கே போகிறார் என்றால், கம்பெனி ஒரு மாதம் முன்னதாக வரி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கணக்குப் பார்த்துச் சரி சொல்லும்வரை அவருடைய கடைசிச் சம்பளத்தைக் கொடுக்கக் கூடாது. இதில் பின்பாதி குலசிங்கத்துக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். 'கொடுக்கக் கூடாது' என்பதில் அவரை அசைக்க ஆள் கிடையாது. முன்பாதிதான் பாவம், பஞ்சாங்கத்தில் மாட்டிக்கொண்டது.

எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து ஏழு வருடம் சைட் மேற்பார்வை பார்த்த ரெங்கசாமி, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தது போன மாதமே. அன்றைக்கே அனுப்பியிருந்தால் இன்று பணம் கையில் இருந்திருக்கும். அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அப்புறம் குலசிங்கத்தின் ராசிக்குச் சந்திராஷ்டமம் வந்தது. ஊருக்குப் போகிறவர் ரெங்கசாமி, ராசி மட்டும் குலசிங்கத்துடையது. பிந்தினால் அபராதமாச்சே என்று ரெங்கசாமி கேட்டதற்கு, அது கம்பெனி கட்டும், நமக்கென்ன என்று முறுக்கை ஒடித்தார்.

இன்று இரவு ரெங்கசாமிக்கு விமானம். ஊரில் மகளுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட இந்த மாதக் கடைசிவரை தவணை. இன்றைக்கு அனுப்பினால் அதற்குள் சம்பளம் கைக்கு வந்துவிடலாம். தான் விமானம் ஏறிவிட்டால் தன் ஃபைலை எந்தக் கிரகமும் திரும்பிப் பார்க்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தன் கண் முன்னால் அந்தப் பொத்தான் அமுங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காகப் பத்து மணிக்கே வந்துவிட்டார். அப்போது நல்ல நேரம்தான். ஆனால் குலசிங்கம் கீழே காப்பிக் கடையில் பால் விடாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

சரி, பன்னிரண்டுக்கு அனுப்பிவிடுவாரா? அதுதான் இல்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சாப்பாடு. ஒரு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பத்தரை, அந்த ஊர் ராகு காலம் தொடங்கிவிடும். குலசிங்கத்தின் தாத்தா ரயில்வே கிளார்க்காக அங்கிருந்து கப்பலேறி வந்தவராம். பேரன் அந்த மண்ணை மிதித்ததில்லை, வீடு இங்கே ஆங் மோ கியோவில். ஆனாலும் ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வருவார் என்று யாருக்குத் தெரியும், எதற்கு வம்பு என்று இரண்டு ஊர் ராகு காலத்தையும் அனுசரிக்கிறார். அது முடிய இரண்டரை. அதன்பின் அரைநாள் லீவு, சைனாடவுன் மாரியம்மன் கோவில். ஆக, திங்கட்கிழமை. திங்கட்கிழமைக்கும் ராகு காலம் உண்டு.

பக்கத்து மேசை இனியா கணக்குப் பார்ப்பவள், இங்கேயே தெம்பனிஸில் பிறந்து வளர்ந்தவள், வாய் சும்மா இருக்காது. "சார், அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது ஒரு சர்வர் லா. அதுக்கு ஜாதகமே கிடையாது" என்றாள். நானே அமுக்குகிறேன் என்று எழுந்தும் வந்தாள். குலசிங்கம் கைக்குட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். கையெழுத்து அவருடையது, தோஷமும் அவருக்குத்தானாம். அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் வேலையைப் பார்த்தாள். மாதச் சம்பள நாள் அது, எல்லார் கணக்கிலும் சீக்கிரம் போட்டுவிடும்படி முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்.

ரெங்கசாமி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து மகள் அழைத்தாள். எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார். எடுத்தால்தான் என்ன சொல்வது?

பதினொன்றேகாலுக்கு குலசிங்கத்தின் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. சம்பளம் ஏறிவிட்டது, போனஸோடு.

ரெங்கசாமி மெதுவாகக் கேட்டார். "சார், இப்ப ராகு காலம்தானே?"

"அட, வர்றதுக்கு இல்ல தம்பி. அனுப்புறதுக்குத்தான்" என்றார் குலசிங்கம்.

சொல்லிவிட்டு மவுஸ் மேலிருந்த கைக்குட்டையை எடுத்தார். ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். குலசிங்கம் அதைக்கொண்டு போன் திரையைப் பதமாகத் துடைத்து, போனை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, கைக்குட்டையை மறுபடி நான்காக மடித்து மவுஸின் மேல் போர்த்தினார்.