டிராக்டர் பெட்டியும் ஒரு காலி அறையும்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காலி அறை. நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை, காசி யாத்திரைகூடக் கேட்கவில்லை. நாலு சுவர், ஒரு ஜன்னல், மேலே ஒரு ஃபேன், தரையில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அதில் போய்ப் படுத்து ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருள வேண்டும். சிரிப்பவர்கள் சிரியுங்கள். கல்யாணமான நாளிலிருந்து எதையாவது தாண்டித் தாண்டியே நடந்தவளுக்குத்தான் இந்த ஆசையின் அருமை தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் யார் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். செத்துப்போன மோட்டாருக்கே உயிர் கொடுக்கிற மனுஷன் என்பதால் அவர் கண்ணுக்கு உலகத்தில் எதுவுமே செத்ததாகத் தெரிவதில்லை. ஓடாத மிக்சி, மூடியில்லாத தூக்கு, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, டிவி வந்த அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இருந்த தெர்மோகோல் எல்லாமே பத்திரமாக இருக்கும். கேட்டால், "இருக்கட்டுமே, எதுக்காவது ஆகும்" என்பார். அந்த எதற்காவது என்பது எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

கிரிவலப் பாதையில், செங்கம் ரோட்டை ஒட்டிய வாடகை வீடு அது. பின்னறைக் கதவு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். எனக்கு உடம்பு வைத்த பிறகு அந்த அறைக்கு நான் போவதே நின்றுபோயிற்று. நான் வேலை பார்ப்பதோ வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸில். பகலெல்லாம் பழைய ஃபைல், சாயங்காலம் பழைய மிக்சி. எனக்கு எப்போதுதான் மூச்சு வரும்?

வேங்கிக்காலிலேயே சின்னதாகச் சொந்த வீடு கட்டினோம். படுக்கையறை இரண்டு. ஒன்று எங்களுக்கு. இன்னொன்றைப் பற்றி, தளம் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"அந்த ரூம் எனக்கு. அதுல ஒரு சாமானும் வைக்கக் கூடாது."

"சாமான் வைக்காம ரூம் எதுக்கு?" என்றார்.

"சாமான் வைக்காம இருக்கறதுக்குத்தான்."

எனக்கு ஜுரமோ என்று அவர் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. விஷயம் என்னவென்றால், அவர் ஏற்கெனவே அந்த அறையை மனசுக்குள் நிரப்பிவிட்டார். மேஸ்திரியிடம் தனியாகப் பேசி மூன்று பக்கமும் பரண் போடச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி என்னிடம் வந்து உளறிவிட்டார். பரணை நிறுத்தினேன். ஆனால் சாமான் எங்களோடு வந்தால் பரண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தரை போய்விடும். குடிபோவதற்குள் பழைய வீட்டுச் சாமானை ஒழித்தாக வேண்டும், இல்லையென்றால் என் அறை போச்சு. இதுதான் நிலைமை.

அடி அண்ணாமலையில் டிராக்டர் வைத்திருக்கும் ஒரு தம்பியைப் பிடித்தேன். மணலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏற்றுகிற பெட்டி, நல்ல ஆழம். "காலையில பெட்டிய உங்க வாசல்லயே கழட்டி உட்டுட்டுப் போயிடறேன்க்கா. நிதானமா ரொப்புங்க. சாயங்காலம் வந்து இழுத்துக்கினு போயி பாதிய காயலான் கடையில இறக்கிடறேன், மீதிய குப்பைக் கிடங்குல தட்டிடறேன்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் எங்கள் வீட்டுக்காரர் தன் வேலையைக் காட்டினார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக் கூடாது, அது எனக்கும் தெரியும். அஷ்டமி ஆகாது, நவமி ஆகாது, அமாவாசை கூடவே கூடாது. மீதி இருந்த நாட்களில் ஒன்று அவருடைய நட்சத்திரம், ஒன்றுக்குச் சந்திராஷ்டமம். தினசரி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு தாளைத் தாளாகப் புரட்டி ஒவ்வொரு நாளாகக் கொன்றார். இப்படியே போனால் பொருளை வெளியே போடும் நாள் பஞ்சாங்கத்திலேயே கிடையாது என்று ஆகிவிடும்.

"இந்தப் புதன்கிழமை" என்றேன்.

தாளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. புதனே வெச்சுக்கலாம்" என்றேன். அவர் காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார். வெள்ளிக்கிழமை விடிகாலை புது வீட்டில் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு.

புதன் காலையில் பெட்டி வந்து வாசலில் நின்றது. தம்பி டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போனான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தப் பண்டிகைக்கும் அனுபவித்ததில்லை. முதல் மிக்சியைத் தூக்கிப் போட்டபோது பெட்டிக்குள் எழுந்த சத்தம் இருக்கிறதே, மேளச்சத்தம் தோற்றது. பின்னறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, சிக்கி, பிதுங்கி, மீண்டு, தூக்கித் தூக்கிப் போட்டேன். ஓட்டைக் குடம், கால் போன நாற்காலி, கல்யாணங்களில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா, ஜவுளிக்கடைப் பை மூட்டை மூட்டையாக. மணி காட்டாத சுவர்க்கடிகாரங்கள். எங்கள் மகள் சின்னதில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். அவள் கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள், சைக்கிள் மட்டும் போகவில்லை. அப்புறம் நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று. யாரோ கடையில் விட்டுப்போனதை வீட்டுக்குக் கொண்டுவந்து துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு போட்டும் பெட்டி நிரம்பவில்லையே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால், அங்கே அவர். நான் முன்பக்கம் ஏற்ற ஏற்ற, பின்பக்கமாக இறக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"இதுல நல்ல செம்புக் கம்பி இருக்குதுடி" என்றார், பிடிபட்ட குழந்தை மாதிரி.

"நீங்க உள்ள போயி உக்காருங்க" என்றேன். உட்கார எங்கே இடம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தெருமுனையில் போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டிருந்தார்கள். ரோட்டில் வெறுங்கால் ஜனம் போக ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய் காலண்டரைப் பார்த்தேன். பௌர்ணமி என்று பெரிதாகப் போட்டிருந்தது வியாழக்கிழமைத் தாளில்தான். ஆனால் புதன்கிழமைத் தாளில் அடியில் பொடி எழுத்தில், அன்று மத்தியானமே திதி ஆரம்பம் என்று இருந்தது. புதன் மத்தியானத்திலிருந்தே கிரிவலம்! மாசா மாசம் பார்த்துப் பார்த்து, ஊர்க்காரர்களான எங்களுக்குப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. எல்லா நாளிலும் குறை தேடிய மனுஷர் இருந்த ஒரே குறையைக் கோட்டை விட்டார்.

தம்பிக்கு போன் போட்டேன். "இன்னாக்கா பண்றது, ஒரு வண்டியும் உள்ள உட மாட்றாங்க. நாளைக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமைதான் வர முடியும்" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் பௌர்ணமி அப்போதே வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை பொருள் வெளிய போகக் கூடாதே" என்றார் தேனாக.

"வெள்ளிக்கிழமை நாமளே சாமானோட வெளிய போறோமே, அது மட்டும் எப்படி?"

"அது குடிபோறது. அது வேற." கைலியை மடித்துக் கட்டினார். "பேசாம எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சுடலாம். லாரியில மத்த சாமானோட ஏத்திக்கினு போயி, அந்த ரூம்ல போட்டுட்டு, அப்புறமா நிதானமா பாத்துக்கலாம்."

அந்த ரூம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? என் அறை என் கண்முன்னாலேயே நிரம்பிவிட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பெட்டி மேல் ஏறி, ஒரு எவர்சில்வர் குடத்தை எடுத்து, இறக்கி வைப்பதற்காகக் கையைக் கீழே நீட்டினார்.

நீட்டிய கைக்குக் கீழே ஒரு அம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கையாலும் குடத்தை வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா! புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும் சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் மேல் தப்பே இல்லை. பௌர்ணமியில் எங்கள் ஊரில் ஒருவன் வண்டி மேல் நின்று கையை நீட்டினால் அது தானம். சாம்பார் சாதமா, மோரா, பிஸ்கட்டா என்று வாங்கின பிறகுதான் பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னாலேயே, "இன்னா குடுக்கறாங்க?" என்று கேட்டபடி ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். நிமிஷத்தில் வரிசை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். கண்ணில் ஒற்றி வாங்கிப்போன குடத்தை யார் திருப்பிக் கேட்பது? அப்புறம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். ஒரு பொருளைத் தூக்கிப்போட அவருக்கு ஜென்மத்துக்கும் வராது. கொடுக்க வரும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. குனிந்தார். ஒரு மிக்சியை எடுத்தார்.

"இது ஓடாது. காயில் போயிருக்குது. கடைக்கு எடுத்துக்கினு வாங்க, சும்மாவே கட்டித் தர்றேன்" என்று விலாசம் சொல்லிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? நான் குதித்து எழுந்து வரிசையை ஒழுங்குபடுத்தினேன். "தள்ளாதீங்க! ஆளுக்கு ஒண்ணு! ஒண்ணு என்ன, ரெண்டா எடுத்துக்குங்க!" ஜவுளிக்கடைப் பைகளுக்கு அடிதடி. கொஞ்ச தூரத்தில் வேறொரு வண்டியில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்களிடம் தட்டு வாங்கினவர்கள் அதே தட்டோடு அங்கே போய் நின்றார்கள். ஒருவர் சுவர்க்கடிகாரத்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலை சுற்றப் போனார். நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பொடிசு எங்கள் மகளின் சைக்கிளில் ஏறியது. அதன் அப்பா கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். அது தடுப்பைத் தாண்டி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெரியவர் உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மிதித்துப் பார்த்து, "இது நகர மாட்டேங்குதே" என்றார். "நகராதுங்க, அது அப்படித்தான்" என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. கடைசியில் நாலு பேராகச் சேர்ந்து அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெட்டி காலி. ஆனால் மனுஷருக்குக் கை நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடினார், எதையோ எடுத்துக்கொண்டு வந்தார், கொடுத்தார், மறுபடி ஓடினார். திரும்பிப் பார்த்தால் என் குக்கர்!

"ஐயோ, அது நம்ம குக்கருங்க! காலையிலதான அதுல சோறு வெச்சேன்!"

"குடுக்கறவன் பாத்துப் பாத்தா குடுப்பான்?" என்றார் வள்ளல்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். குக்கரைப் பிடுங்கி வயிற்றோடு கட்டிக்கொண்டேன். மூடி அதற்குள் எங்கேயோ செங்கம் ரோட்டில் போய்விட்டது. "விளக்கு வெச்சாச்சு, இனிமே பொருள் வெளிய போகக் கூடாது" என்று கத்தினேன். "பௌர்ணமிக்கு அதெல்லாம் கெடையாது" என்று அவர் கத்தினார். மலைக்குப் பக்கத்தில் நிலா எழும்பிவிட்டிருந்தது. நான் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் வீட்டில் மிச்சம் மீதி பிழைத்தது.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. லாரிக்காரர் ஒரே நடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, "இவ்ளோதானா? ரொம்ப கம்மியா இருக்குதே" என்று கேட்டுவிட்டுப் போனார். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நான் என் அறைக்குள் போனேன். நாலு சுவர், ஜன்னல், ஃபேன். கீழே சிமென்ட் வாசம் போகாத தரை. புதுப்புடவை கசங்கினால் கசங்கட்டும் என்று படுத்தேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டேன். திரும்ப உருண்டேன். நடுவில் ஒன்றுமே இடிக்கவில்லை. பைத்தியக்காரி மாதிரி நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நிலைப்படியில் நிழல் தட்டியது. அவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"வரலாமா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டுவிட்டு அவர் நுழைய நின்ற முதல் இடம் அதுதான். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனாலும் விடுவேனா?

"கைய காட்டுங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. கால் தூசியை நிலைப்படியில் தட்டிவிட்டு வந்தார். நாலு பக்கமும் பார்த்தார். சுவரோரம் போனார், ஜன்னலோரம் போனார், மறுபடி நடுவில் வந்து நின்றார்.

"எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றேன்.