உங்கள் பெட்டிகளில் வந்த வாள்மேசை

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டீர்கள்: இணுவிலில் அக்காவுக்குக் கட்டிய வீட்டின் யன்னல்களுக்கு ஏன் இன்னும் தகரம் அடித்திருக்கிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்ல அம்மாவால் இயலவில்லை. ஆகவே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் இந்த நினைவு மலரில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. அச்சுவேலியில் எங்கள் வளவில் நின்ற பெரிய வேப்பமரம் ஒரு மழைக்காலத்தில் சரிந்தது. அப்பா அதை மரஆலையில் கொடுத்துப் பலகையாக அரிவித்துக் கொட்டிலில் அடுக்கி வைத்தார்.

2. அக்காவுக்குச் சீதனமாக எழுதிய காணியில் வீடு கட்டி, கூரையும் போட்டு முடித்தோம். கதவுகளைக் கடையில் வாங்கினோம். யன்னல்களை அந்த வேப்பம்பலகையில் செய்வதென்று முடிவாகியது.

3. அப்பா தச்சுப் பட்டறைக்குப் போய்க் கூலி விசாரித்தார். திரும்பி வந்து, யாருடனும் கதைக்காமல் கைத்தொலைபேசியுடன் உட்கார்ந்தார்.

4. ரொறன்ரோவில் ஒரு கடையில் வாள்மேசை மலிவு விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். நடுவில் வட்டவாள் சுழலும் மேசை அது. பலகையைத் தள்ளினால் நேராக அரிந்து தரும். விலை கொழும்பு விலையில் பாதி.

5. கப்பல் கூலியைச் சேர்த்தபோது அந்தப் பாதி மறுபடியும் முழுதாகியது. ஆகவே இயந்திரத்தைக் கழற்றி, ஊருக்கு வருகிறவர்களின் பயணப் பெட்டிகளில் துண்டு துண்டாக எடுப்பிக்கத் தீர்மானித்தார்.

6. வாள் மட்டும் லண்டனில் இன்னும் மலிவு. எனவே அது லண்டனில் வாங்கப்பட்டது.

7. அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. குழந்தை பிறந்தது. புதுவீட்டில் குடிபூரலுக்கு வைத்த நாள் போனது. அதன் பிறகு வைத்த நாளும் போனது. மோட்டர் வரவில்லை.

8. அப்பா காலமானார்.

9. மோட்டர் வந்தது.

அம்மா இதை வாசித்துவிட்டு, "பிள்ளை, மலரிலை உப்பிடியே எழுதுறது?" என்று கேட்டார். பிறகு இரண்டாம் முறையும் வாசித்து, "ஒண்டும் பொய்யில்லை. இருக்கட்டும்" என்றார்.

அப்பா அச்சுவேலியில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் ஒரு தங்கையும் ஒரு தம்பியும். தங்கை இன்று லண்டனில் இருக்கும் எங்கள் மாமி. தம்பி ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா. தகப்பன் இளவயதிலேயே இறந்துவிட்டதால், அப்பா படிப்பை நிறுத்திக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். பின்னர் கூட்டுறவுக் கடையில் வேலை கிடைத்து, முகாமையாளராகவே ஓய்வு பெற்றார். மாமியின் கலியாணத்தையும் சித்தப்பாவின் வெளிநாட்டுப் பயணத்தையும் ஒப்பேற்றிய பிறகே தன் கலியாணத்துக்குச் சம்மதித்தார்.

போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்யும் சவர்க்காரமும் பங்கிட்டுக் கொடுக்கும் கடையில் இருந்தவர் அவர். எங்கள் வீட்டிலும் அயல் வீட்டிலும் ஒரே அளவில்தான் விளக்கு எரிந்தது. அதில் தனக்குக் கோபம் இருந்ததாக அம்மா சொல்வார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை உங்களில் பலர் அப்பாவின் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். தோட்டத்துக்கு இறைக்கும் பம்ப் பழுதாகியது. புதிது கொண்டுவர அனுமதியில்லை. அப்பா தடைக்கு வெளியே இருந்த வவுனியாவில் ஒரு பம்பை வாங்கிக் கழற்றினார். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஆசிரியர் ஒருவரின் பையில் ஒரு துண்டு, மருந்தெடுத்துத் திரும்பிய நோயாளியின் தலையணைக்குள் ஒரு துண்டு என்று அந்தப் பம்ப் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. துண்டுகளைப் பொருத்திப் பூட்டியதும் ஓடியது. பல போகங்களுக்கு இறைத்தது.

அந்தப் பம்ப் ஓடாமல் விட்டிருந்தால் அக்கா இன்று தன் வீட்டில் இருந்திருப்பாள்.

ஏனென்றால் அன்றிலிருந்து அப்பாவுக்கு, எந்தப் பெரிய பொருளும் நம்பிக்கையான ஆட்கள் கையில் துண்டு துண்டாக வரக்கூடியது என்ற எண்ணம் அசையாமல் இருந்தது. போர் முடிந்து பாதை திறந்து, லொறி வந்து, கடைகள் நிறைந்த பிறகும் அது மாறவில்லை. முன்பு வேறு வழியில்லாமல் செய்ததை இப்போது மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

சித்தப்பா அங்கே கடையில் வாங்கிய இயந்திரத்தை, அப்பா வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருக்கத் தன் கராஜில் கழற்றினார். கால்கள் ஒருவருடன் வந்தன. பலகையைப் பிடிக்கும் தண்டவாளம் இன்னொருவருடன் வந்தது. மேசையின் மேல்தட்டை, கனடாவில் மகளிடம் போய் நின்றுவிட்டு லண்டன் வழியாக ஊருக்கு வந்த மாமி, சேலைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்தார். வாளும் அவருடைய பெட்டியில்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, இது என்ன என்று கேட்டாராம்.

"எனக்குத் தெரியாது ஐயா. அண்ணை கொண்டு வரச் சொன்னவர்."

"எதற்கு?"

"அதுவும் தெரியாது. நீங்கள் வேணுமெண்டால் அண்ணையோடை கதையுங்கோ. கதைச்சால் கெதியா விடமாட்டார், சொல்லிப்போட்டன்."

அதிகாரி பெட்டியை மூடிவிட்டாராம்.

மேல்தட்டு வந்ததும் அப்பா அதை முன் விறாந்தையில் இரண்டு வாங்குகளின் மேல் வைத்தார். வருகிறவர்கள் எல்லோருக்கும் தட்டிக் காட்டினார். அம்மா அதில் மோர்மிளகாய் காயப்போட்டார்.

நான் மின்தொழில்நுட்பம் படித்து, அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன். இயந்திரத்தை வாங்குவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அது கனடா மோட்டர். நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்தது. எங்கடை லைன் இருநூற்று முப்பது. நேரை குடுத்தால் எரியும்."

"அங்கை அது மரம் அரியுதோ, இல்லையோ?"

"அரியுது."

"அங்கை அரிஞ்சால் இஞ்சையும் அரியும். மரம் மரந்தானே."

"மரத்திலை பிரச்சினை இல்லை அப்பா. கரண்டிலை."

"அதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சனான். நீ பார்."

இப்படி எங்களுடைய ஒவ்வொரு ஆட்சேபணையையும் எங்களுக்கே வேலையாக மாற்றித் தருவது அப்பாவின் வழக்கம். கூட்டுறவுக் கடையில் அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அக்காவின் கணவரான அத்தான் பொறுமைசாலி. கலியாணத்தின் பின் அவர்கள் எங்கள் வீட்டில், என் அறையில் இருந்தார்கள். தினமும் இணுவிலுக்குப் போய், மழைத் தண்ணீர் யன்னல் வழியே உள்ளே நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் துடைத்துவிட்டு வருவார். குழந்தை பிறந்த பிறகு ஒருநாள், சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, பட்டறையிலை குடுத்தால் ரெண்டு மூண்டு கிழமையிலை செய்து தருவினம். கூலியை நான் குடுக்கிறன்."

"தம்பி, கூலி குடுத்தால் யன்னல் மட்டுந்தான் வரும். இது யன்னலும் வரும், மெஷினும் மிஞ்சும்."

"யன்னல் எப்ப வரும் மாமா?"

"மோட்டர் வந்தாப் பிறகு."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அத்தான் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மோட்டர்தான் மிகப் பாரமான துண்டு. வேறு யாரிடமும் கேட்கத் தயங்கி, சித்தப்பாவே கோயில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவதாக இருந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மோட்டரைத் தனியே அனுப்பக் கேட்ட தொகையைச் சொன்னதும், அப்பா, "வேண்டாம், நீ வரேக்கை வரட்டும்" என்றுவிட்டார். மற்றெல்லாத் துண்டுகளையும் கொட்டிலில் ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டி, மோட்டருக்கு இடம் விட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்.

அப்பாவுக்கு நோய் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. பிரஷர் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போடுவார். அன்று காலை, வளையாமல் இருப்பதற்காகப் பலகைகளைப் புரட்டி அடுக்கினார். வந்து கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். அம்மா செம்புடன் வந்தபோது கண்ணை மூடியிருந்தார். வைத்தியசாலையில் முயன்று பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அக்காவும் நானும் மட்டுந்தான், ஆண்பிள்ளை இல்லை. அதனால் கொள்ளி வைக்கச் சித்தப்பா வரும்வரை காத்திருந்தோம். கடைசியில் லீவு கிடைத்து, சித்தப்பா அடுத்த மாதம் வருவதற்கென்று பெட்டியை முன்பே கட்டி வைத்திருந்தார். செய்தி கேட்டதும், அந்தப் பெட்டியில் மோட்டருக்கு மேல் ஒரு வேட்டியை வைத்து மூடிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நேரம் பார்த்து வான் சாரதி பெட்டியை வாசல்வரை இழுத்து வந்து, மேலே தூக்க முடியாமல் நின்றார்.

"ஐயா, உதுக்கை என்ன, கல்லோ?"

"அண்ணையின்ரை மோட்டர்" என்று சித்தப்பா அழுதபடியே சொன்னார்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வந்திட்டுதே? கொண்டு வந்து அவருக்குப் பக்கத்திலை வை. எழும்பிப் பூட்டட்டும்."

அங்கிருந்தவர்களில் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனீர்கள். அதில் பிழையில்லை. அப்பா இருந்திருந்தால், மோட்டருக்கு அடிபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த பிறகு, சித்தப்பாவும் அத்தானும் நானும் மோட்டரை இயந்திரத்தில் பூட்டினோம். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை நான் வாங்கினேன். அடுத்ததாக, லண்டன் வாளின் நடுத்துளை கனடா அச்சைவிடப் பெரிது என்று தெரியவந்தது. மோட்டர் இல்லாததால் அப்பா அதைப் பொருத்திப் பார்த்திருக்கவே இல்லை. கடைசல் பட்டறையில் அளவாக ஒரு வளையம் செய்வித்துப் போட்டோம். இவை எல்லாவற்றுக்கும் ஆனதை நான் கூட்டிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதவில்லை. கொழும்பில் வாங்கியிருக்கலாம்.

இயந்திரம் ஓடியது. வேப்பம்பலகை வெண்ணெய் போல அரிபட்டது. சித்தப்பாவுக்குக் கண் கலங்கியது.

"அண்ணை கெட்டிக்காரன்" என்றார். "இனிச் சீவுற மெஷினும் துளை போடுற மெஷினும் வந்தால் யன்னலைத் தொடங்கலாம். லண்டனிலை ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன் எண்டு சாகிறதுக்கு முந்தின கிழமையும் சொன்னவர்."

அரிவது முதல் வேலை மட்டுமே என்பதை அப்பா அறிந்திருந்தார். எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

குழந்தையுடன் கொட்டில் வாசலில் நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு மெஷின் வேண்டாம் சித்தப்பா. யன்னல் வேணும். அப்பா உயிரோடை இருக்கேக்கை நான் இதைச் சொல்லேல்லை. இனியும் சொல்லாமல் இருந்தால் உவள் பள்ளிக்கூடம் போற வயசிலையும் நாங்கள் இஞ்சைதான் இருப்பம்."

குடிபூரலைப் பற்றியும் அன்றே கதைத்தோம். செத்தவீடு நடந்தபடியால் ஆண்டுத் திவசம் முடியும்வரை நல்ல காரியம் செய்ய முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சடங்கு பிறகு செய்யலாம். பிள்ளை போய் இருக்கட்டும். அவர் வைச்ச சுணக்கம் போதும்" என்றார்.

இரண்டு நாட்கள் சித்தப்பாவும் அத்தானும் பலகைகளை யன்னல் அளவுக்கு அரிந்தார்கள். அவற்றை டிராக்டரில் ஏற்றி, அப்பா முதலில் கூலி விசாரித்த அதே பட்டறைக்குக் கொண்டுபோனோம். தச்சர் ஒரு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. நேரா அரிஞ்சும் கிடக்கு. எனக்கு வேலை குறைவு, கூலியிலை கொஞ்சம் கழிச்சு விடுறன்" என்றார். இந்த முழு ஏற்பாட்டிலும் மிச்சமானது அந்தக் கழிவு மட்டுமே. ஆனால் அது அப்பா அரிய விரும்பிய பலகை. அப்பா புரட்டிப் புரட்டிக் காயவைத்த பலகை. அதையும் பதிவு செய்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய அயலவர்களுக்கும், சிகிச்சை அளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எட்டு நாட்களும் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தொலைவிலிருந்து அழைத்து அம்மாவுடன் கதைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் பெட்டிகளில் உங்கள் பிள்ளைகளின் உடுப்புக்கும் சொக்லேற்றுக்கும் இருந்த இடத்தை அப்பாவின் இரும்புக்குக் கொடுத்தவர்களுக்குத் தனியே நன்றி. ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். அப்பா கேட்டால் மறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

ஒரு வேண்டுகோள். அப்பா சொல்லி வேறு ஏதாவது வாங்கி வைத்திருப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் நிலைமை இது. ஏழு யன்னல்களில் நான்கு பொருத்தப்பட்டுவிட்டன. மூன்றுக்கு இன்னும் தகரம் இருக்கிறது. அவை அடுத்த கிழமை வரும். அந்தியேட்டிக்கு மறுநாள் அக்காவும் அத்தானும் குழந்தையும் இணுவிலுக்குப் போகிறார்கள். குழந்தை படுக்கும் அறையின் யன்னலை முதலில் பொருத்தச் சொன்னோம். அது திறக்கிறது. மூடுகிறது.