கோழி தின்ற பாதை

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடலாமா வேண்டாமா என்று பார்க்க ஆள் வந்த அன்று, மூடக் கூடாது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கோழிகள் தின்றுவிட்டன. நான் எதெல்மிரா. காபித் தோட்டங்களுக்கு நடுவே மலைமேல் இருக்கும் அந்த ஒற்றை அறைப் பள்ளியில் மதியச் சமையல் என்னுடையது. நூபியா டீச்சர் எப்படிப்பட்டவர் என்று யார் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வேன். என் மானம் போனால் போகட்டும்.

டீச்சர் வந்து பத்தொன்பது வருஷம். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான், பிள்ளைகள் பதினான்கு பேர். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். காபிப் பழத்தை நிறுத்துப் பங்கு போட்டு வகுத்தல் சொல்லிக்கொடுப்பார். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அதில் நெளியும் பூச்சிகளைப் பற்றி எழுதச் சொல்வார். கரையில் கிடக்கும் செம்மண்ணைக் குழைத்து அதே பூச்சிகளை வரையவும் வேண்டும். சுவரெல்லாம் சிவப்பு.

"இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சந்தையில ஏமாறாம இருக்கத்தானே அக்கா படிக்கிறோம்" என்றார்.

போன வருஷம் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் பதினைந்துக்கும் குறைவு, டவுன் பள்ளியோ மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதனால் இங்கே மூடிவிட்டு எல்லோரையும் அங்கே சேர்க்கலாம் என்று. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். காக்கைக்கு அது சரி. நடுவில் இருக்கும் பாதாளப் பள்ளத்தைப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதானே போக வேண்டும்?

டீச்சர் அழவில்லை, மனு எழுதவில்லை. கடிதத்தையே பாடமாக்கிவிட்டார். பிள்ளைகள் முற்றத்தில் நடந்து தங்கள் காலடியை அளந்தார்கள். ஒரு காலடி அரை மீட்டர் வந்தது. எண்ணிக்கை தப்பாமல் இருக்கச் சரியாக நூறு அடிக்கு ஒரு பாட்டு கட்டினார்கள். பாட்டு முடிந்ததும் மூங்கில் மேளத்தில் ஒரு தட்டு. அப்படியே டவுன் பள்ளிவரை நடந்து எண்ணிவிட்டு வந்தார்கள். பிறகு பெரிய பலகையில் களிமண்ணால் ஊரையே செய்து, பாதை நெடுக நூறு அடிக்கு ஒரு சோளமணி பதித்தார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு மணி. கூழாங்கல் வைத்திருக்கலாம். ஆனால் பிங்கோ ஆடினாலும் சீட்டின் மேல் சோளத்தை வைக்கிற ஊர் இது, வேறு எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டீச்சர் கூப்பிட்டு அதிகாரி வரவிருந்த அந்தக் காலையில் பலகையை வெயிலில் உலர வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கூண்டைத் திறந்துவிட்டு அரேப்பா என்கிற சோள ரொட்டி சுடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஊர் இருக்கிறது, பாதையைக் காணோம். ஒரு மணி மிச்சமில்லை.

அதிகாரி அரிஸ்திசாபால் ஜீப்பில், வேறு பக்கச் சாலையாக வந்து இறங்கினார். பளபளவென்று ஷூ. குழி விழுந்த களிமண்ணைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இதைக் காட்டவா கூப்பிட்டீங்க?"

"நூத்திப் பதினெட்டு சார். கோழி தின்னுடுச்சு" என்றாள் யெய்மி. இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்தவள்.

"கோழி தின்னதை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா."

டீச்சர் என்னை ஒருதரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "விடை அழிஞ்சு போச்சு. இப்ப என்ன செய்யலாம்?" என்றார்.

"திரும்ப எண்ணலாம்" என்று பிள்ளைகள் எல்லோரும் கத்தினார்கள். அடுத்த நிமிஷம் மேளம் வெளியே வந்துவிட்டது. ஒருத்தன் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தான். நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனோடு ஓடினேன். இறக்கம், சேறு, வாழைத்தோப்பு, மறுபடி ஏற்றம். பதினான்கு குரலும் பாட, நூறு அடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு கல் யெய்மியின் பைக்குள். திருவிழா ஊர்வலம் கெட்டது போங்கள். ஊர்க்காரர்கள் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் என்னை அறியாமல் பாட்டு வந்துவிட்டது.

அறுபத்து மூன்றாவது தட்டில் அதிகாரி ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

"போதும் டீச்சர். இங்கேயே மூணு கிலோமீட்டர் தாண்டிடுச்சு. டவுன் இன்னும் கண்ணுக்கே தெரியலை. பள்ளிக்கூடம் இருக்கட்டும்னு எழுதிடறேன்."

பிள்ளைகள் குதித்தார்கள். நான் யாரையோ கட்டிப்பிடித்து அழுதேன், யாரென்று இன்றுவரை தெரியாது. யெய்மி மட்டும் அசையவில்லை.

"பாதியில விட்டா அது கணக்கு இல்ல சார். எந்திரிங்க."

அடிப்பாவி, கெடுத்தாளே என்று அவள் வாயைப் பொத்தப் போனேன். அதிகாரி டீச்சரைப் பார்த்தார். பத்தொன்பது வருஷ உழைப்பு அந்த மனிதரின் பேனா முனையில் இருந்தது. டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"அவ சொல்றது சரிதான் சார்" என்றார் நூபியா டீச்சர். "இன்னும் அம்பத்தஞ்சு பாட்டு இருக்கு."

அதிகாரி ஷூவைப் பாறையில் தட்டிச் சேற்றை உதிர்த்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, "முதல் வரி என்னம்மா?" என்று யெய்மியைக் கேட்டார்.